காற்று ஏறும்போது கயிற்றை விடு

எங்கள் ஒலிபரப்பு அறையில் குளிர்சாதனம் எப்போதும் 18 டிகிரியில்தான் ஓடும். இயந்திரங்களுக்குச் சூடு ஆகாதாம். அறிவிப்பாளருக்குக் குளிர் ஆகுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பத்துமலையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது கையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, தோளில் ஸ்வெட்டர் இருக்கும். நமக்குத் தெரிந்த குளிர்காலம் அவ்வளவுதான். மிஞ்சிப் போனால் கெந்திங் மலை, கேமரன் மலை.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அக்கா மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கிள்ளான் பண்டமாரானில் இருக்கிறாள். வயது பதினொன்று.

"சித்தி, நேத்ரா குமணன் மாதிரி நானும் படகு ஓட்டணும். அம்மாகிட்ட நீங்க பேசுறீங்களா?"

நேத்ரா யார் என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்று இரவு உட்கார்ந்து படித்தேன், காணொளிகளைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் அக்காவிடம் பேசும் தைரியம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் தெரிந்துகொண்டதை உங்களிடமும் சொல்கிறேன்.

நேத்ரா சென்னைப் பெண். 2009இல் ஒரு கோடைக்கால முகாமில் பாய்மரப் படகில் ஏறியவர். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடர் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021இல் ஓமானில் நடந்த தகுதிச் சுற்றில் தேறி, பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். தோக்கியோவில் 35ஆவது இடம். மூன்று ஆண்டுகள் கழித்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆவது இடம். தோக்கியோவுக்கு அந்த முறை இந்தியா அனுப்பிய பாய்மரப் படகு வீரர்கள் நான்கு பேர். நேத்ரா, வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன், சென்னையின் கணபதி, வருண் தாக்கர். நால்வருக்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு.

நேத்ரா ஓட்டும் படகைப் பார்த்தால் 'இதிலா ஒலிம்பிக்?' என்று தோன்றும். பெயர் இல்கா 6. முன்பு லேசர் ரேடியல் என்பார்கள். நீளம் நான்கே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஒரு மைவி காரைவிடச் சற்றுதான் பெரியது. படகின் உடல் எடை அறுபது கிலோகூட இல்லை. ஒரே ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவில் நீருக்குள் இறங்கும் ஒரு பலகை, ஓட்ட ஓர் ஆள். இயந்திரம் கிடையாது. படகு கவிழாமல் இருக்க அடியில் கனமான இரும்பும் கிடையாது. ஓட்டுபவரின் உடம்புதான் எடைக்கல். காற்று ஒரு பக்கம் படகைச் சாய்க்க, அவர் மறுபக்க விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பை முழுவதுமாகத் தண்ணீருக்கு மேல் வெளியே சாய்த்துத் தொங்க வேண்டும். ஒரு பந்தயம் ஒரு மணி நேரம் வரை நீளும். வீட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் முயன்று பாருங்கள். நான் முயன்றேன். தொடை நடுக்கம் மறுநாள் நிகழ்ச்சி முடியும்வரை போகவில்லை.

பந்தயம் நடக்கும் விதமும் வேடிக்கையானது. கடலில் மிதவைகளைப் போட்டுப் பாதை குறிப்பார்கள். முதல் மிதவை காற்று வரும் திசையிலேயே இருக்கும். ஆனால் எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. சுமார் 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். மதிப்பெண்ணும் தலைகீழ். முதலில் வருபவருக்கு 1 புள்ளி, பத்தாவதாக வருபவருக்கு 10 புள்ளி. பல நாள் பந்தயங்களைக் கூட்டி, குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். ஒரு நாள் ஜொலித்து மறுநாள் சறுக்குகிறவருக்கு இங்கே இடம் இல்லை.

இனி குளிருக்கு வருவோம். சூடான சென்னையில் பழகியவர்கள் தகுதி தேட ஐரோப்பாவுக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. பாரிஸுக்கான கடைசி வாய்ப்பாக நேத்ரா 2024 ஏப்ரலில் போட்டியிட்டது பிரான்ஸின் தென்கரையில் உள்ள இயேர் நகரில். மிஸ்ட்ரால் என்ற காற்று வீசும் கரை அது. ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து கடலை நோக்கிப் பாயும் குளிர்ந்த, வறண்ட காற்று. குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் அதன் ஆட்டம் அதிகம். நம் முன்னோர் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு வாடை என்று பெயர் வைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. திசைக்கு ஒரு பெயர் வைத்த இனத்துக்கு, காற்றில் காற்று வேறு என்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குளிர்காற்று ஏன் வேறு? முதல் காரணம் எடை. 5 டிகிரியில் உள்ள காற்று, 30 டிகிரியில் உள்ள நம்மூர்க் காற்றைவிடச் சுமார் 9 விழுக்காடு அடர்த்தி கூடியது. அதே வேகத்தில் வீசினாலும் பாயில் விழும் அடி அந்த அளவுக்குப் பலம். இரண்டாவது, வேகம் கூடும்போது அழுத்தம் அதே கணக்கில் கூடுவதில்லை. அது வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 10 நாட் காற்று 14 நாட் ஆனால் பாயின் மேல் விழும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 நாட் ஆனால் நான்கு மடங்கு. மூன்றாவது காரணம்தான் ஆளைக் கவிழ்ப்பது. குளிர்ந்த காற்று தன்னைவிடச் சூடான நீர்ப்பரப்பின் மேல் நகரும்போது கீழ்க்காற்று சூடாகி மேலே எழும்பும். மேலே வேகமாக ஓடும் காற்று அந்த இடத்துக்குப் பொத்தென்று இறங்கும். அதனால் காற்று சீராக வீசாது. சும்மா இருக்கும், திடீரென்று குப்பென அறையும், மறுபடி அடங்கும்.

இதையெல்லாம் தேடிப்போய் அனுபவிக்கிறவர்களும் உண்டு. 1932 ஜனவரித் தொடக்கத்தில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சிலர் நடுக்கும் குளிரில் சிறு படகுகளை இறக்கிப் பந்தயம் விட்டார்கள். அந்தப் பழக்கத்துக்குப் 'பனிக்கடி' என்ற பொருளில் ஃப்ரோஸ்ட்பைட் என்றே பெயர் விழுந்துவிட்டது. இன்றும் அமெரிக்காவில் பல கிளப்புகளில் குளிர்காலம் முழுக்க இந்தப் பந்தயம் நடக்கிறது.

ஆனால் விளையாட்டுக்குப் பின்னால் விதிகள் இருக்கின்றன. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. மூச்சு தானாக இழுக்கும். அந்த நேரத்தில் வாய் நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. குளிர்நீரில் பயிற்சி தருகிறவர்கள் 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைவிரல்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் உயிரைக் காப்பது நீச்சல் திறமை அல்ல, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும் லைஃப் ஜாக்கெட். அதனால்தான் குளிர்காலத்தில் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடையோ, நீர் புகாத உடையோ அணியாமல் யாரையும் படகில் ஏற விடுவதில்லை. பக்கத்திலேயே மீட்புப் படகும் நிற்கும்.

"நம்ம ஊர்லதான் குளிர் இல்லையே" என்பீர்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது, போன ஆண்டு ஒரு காலை வரைக்கும்.

பாய்மரம் தெரிந்த நண்பர் ஒருவர் அழைத்தார். பத்துமலையில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினேன். கெத்தாம் தீவுக்குப் படகு ஏறும் துறை அருகில்தான். எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் வந்து இறங்கியதும் இதே ஊரில்தான், அப்போது அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். இங்குள்ள ராயல் சிலாங்கூர் யாட் கிளப் 1990 முதல் ராஜா மூடா பந்தயத்தை நடத்தி வருகிறது. பெரிய பாய்மரக் கப்பல்கள் இங்கிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை போகும். தாத்தா இறங்கிய கரையிலிருந்து விளையாட்டுக்காகக் கடலுக்குள் போன எங்கள் குடும்பத்தின் முதல் ஆள் நான்தான் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமை.

பெருமை இருபது நிமிடம் நீடித்தது. மேற்கே வானம் தார் போட்டது போல் கறுத்தது. சுமாத்ரா பக்கம் இரவில் உருவாகி, நீரிணையைக் கடந்து விடியற்காலையில் நம் மேற்குக் கரையைத் தாக்கும் சூறைக்காற்று அது. கடல்காரர்கள் அதைச் 'சுமாத்ரா' என்றே சொல்வார்கள். அன்று அதன் கடைசி வால் எங்களைப் பிடித்தது. நண்பர் கரையை நோக்கித் திருப்பினார். அதற்குள் தூரத்தில் தண்ணீர் ஒரு கறுப்புத் திட்டாகி எங்களை நோக்கி ஓடி வந்தது. காற்று நீரைத் தொடும் இடம் அது. பார்க்கத் தெரிந்தவருக்கு எச்சரிக்கை மணி. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

காற்று அறைந்தது. படகு சாய்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் இருந்த பாய்க்கயிற்றை உயிரைப் பிடிப்பது போல் இறுக்கிப் பிடித்தேன். "விடுங்க! கயிற்றை விடுங்க!" என்று நண்பர் கத்தினார். பயத்தில் கை இன்னும் இறுகியது. அடுத்த நொடி இருவரும் தண்ணீரில்.

லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது. கவிழ்ந்த படகின் நடுப்பலகை மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். மூன்றாவது முயற்சியில் நிமிர்ந்தது. கடல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நனைந்த உடம்பில் மழையும் காற்றும் பட்டபோது பல் தந்தியடித்தது. ஒலிபரப்பு அறையின் 18 டிகிரி எல்லாம் ஒன்றுமே இல்லை.

கரையில் சூடாகத் தே தாரிக் குடிக்கும்போது நண்பர் விளக்கினார். காற்று ஏறும்போது செய்ய வேண்டியது மூன்று. முதலில் கயிற்றைத் தளர்த்து. பாயிலிருந்து காற்று கொஞ்சம் வழிந்து போகட்டும். உடனே உடம்பை வெளியே சாய்த்துப் படகைச் சமன் செய். அது நிமிர்ந்ததும் கயிற்றை மறுபடி இழு. அப்போது, கவிழ்க்க வந்த அதே காற்று படகை முன்னால் தள்ளும். பந்தயத்தில் நல்லவர்கள் அந்தக் கறுப்புத் திட்டை முன்கூட்டியே பார்த்து அதைத் தேடிப் போவார்களாம்.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் அக்காவிடம் போனேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு ஒரே வார்த்தை சொன்னாள்.

"அண்ணன்."

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு அருவிக்குப் போனவன் திரும்பவில்லை. நீச்சல் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். சட்டத்தின் விளைவு, எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. 31 வயதில், பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் நீர்க்குமிழி விட்டுக் கற்றுக்கொண்டவள் நான்.

அக்காவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் பயம் நியாயமானது. ஆனால் அன்று கேட்டே விட்டேன். "அக்கா, அண்ணனைக் கொண்டுபோனது தண்ணீரா, தண்ணீரைப் பற்றி நாம யாரும் அவனுக்கு எதையும் சொல்லித் தராததா?"

அவள் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் அடுப்பைச் சின்னதாக்கினாள். நானும் மேற்கொண்டு இழுக்கவில்லை. கயிற்றை எப்போது விட வேண்டும் என்று ஒருமுறை கடலில் கற்றாயிற்றே.

இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. "முதல்ல நீச்சல் முடிக்கட்டும். நானும் கூட வருவேன். அப்புறம் பார்க்கலாம்." எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் பாதி சம்மதம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்கலாம். படகு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் விருப்பம். நீச்சலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். படகு என்றால், பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு இருக்கிறது. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. சேர்ப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா, மீட்புப் படகு கூடவே வருமா, படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சியை முதல் நாட்களிலேயே தருவார்களா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேறு இடம் பாருங்கள்.

போன சனிக்கிழமை அக்கா மகள் முதல்முறையாக 50 மீட்டரை நிற்காமல் நீந்தி முடித்தாள். குளத்தின் ஓரத்தில் துண்டோடு அக்கா நின்றிருந்தாள். பிள்ளையைத் துவட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தப் படகு கவிழ்ந்தா நிமிர்த்த எத்தனை தடவை முயற்சி பண்ணணும்?"

"எனக்கு மூணு" என்றேன். "உன் மகளுக்கு ஒண்ணு போதும்."