இலவச கேமுக்குப் பணம் கட்டலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல இலவச கேம் எது?" என்பதுதான். நான் ஸ்டோரிபுக் பிராலின் கதையைச் சொல்வேன். 2021-ல் இலவசமாக வந்த கேம் இது. தேவதைக் கதைப் பாத்திரங்களை வாங்கி அணி சேர்ப்பதுதான் நம் வேலை. சண்டை தானாக நடக்கும். 2022 மார்ச்சில் எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு, இதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியது. நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவாலானது. 2023 மே மாதம் சர்வர் நிறுத்தப்பட்டது. ஹார்டு டிஸ்க்கில் கேம் இருந்தும் பயனில்லை.

சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து இதுதான். இலவச கேம்களைத் தாராளமாக ஆடுங்கள். ஆனால் உள்ளே பணம் கட்டும் முன், இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து கேம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால், கட்டும் பணத்தை வாடகையாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.