ஆதிச்சநல்லூரைப் படம் எடுப்பார்க்கு வேண்டுவன

இக்காலத்துக் கல்லூரி மாணவர் மூவர் ஓரிடத்துக் கூடின், அவருள் ஒருவரேனும் குறும்படம் எடுக்கும் எண்ணம் உடையராய் இருத்தலைக் காண்கின்றோம். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கின்றமையின், முன்னர்ச் செல்வர்க்கே உரியதாயிருந்த இக்கலை இப்போது எளியார்க்கும் கைவந்ததாயிற்று. இது மகிழத்தக்கதே. நம் மாணவருள்ளும் சிலர் ஆதிச்சநல்லூரைப் பற்றி ஒரு படம் எடுத்தல் வேண்டுமென்று பேசி வருகின்றனர். அப்பேச்சினை யான் பன்முறை உடனிருந்து கேட்டிருக்கின்றேன். அஃது எங்கே தொடங்கினும் இறுதியில் வந்து நிற்பது ஒரே வினாவில்தான்: எந்தக் கேமரா வாங்கலாம்?

இவ்வினா முதற்கண் எழுப்பத்தக்கதன்று என்பதே யான் இங்குக் கூறப் புகுவது. கேமரா கடைசியில் வாங்கத்தக்கது. நம்மனோர் பலர்க்கு வாங்கவே வேண்டாதது. பிறர் பின்னாளில் திறந்து பார்த்தற்கியன்ற எடிட்டிங் மென்பொருளும், எடுத்தவற்றைக் காத்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்கும், ஒரு நல்ல மைக்கும் ஆகிய இம்மூன்றுமே முன்னிடம் பெறற்குரியன. எங்ஙனமெனின், ஆதிச்சநல்லூரின் கதையே அதனை நமக்குக் கற்பிக்கின்றது.

தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துக் கிடக்கும் அத்தாழிக்காட்டினை 1876-ஆம் ஆண்டில் அகழ்ந்தவர் ஜெர்மானியராகிய ஜாகோர் என்பார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் நகரத்துக்குச் சென்றன. அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்பொருள் அதிகாரி 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்து, பொன்னாலாய நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் இரும்புப் படைக்கலங்களையும் எடுத்துச் சென்னைப் பொருட்காட்சிச்சாலைக்கு அனுப்பினர். அவற்றின் அட்டவணை 1915-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பொருள்கள் உள்ளன, அட்டவணையும் உள்ளது. ஆயினும் மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் குறிப்பெழுதும் முறை அக்காலத்து முதிர்ந்திராமையால், எப்பொருள் எதனொடு, எவ்வாழத்தில் கிடந்தது என்று இன்று ஒருவர் கேட்டால் விடை கூறுதல் அரிதாகின்றது.

இதற்கு மாறான செய்தியும் அவ்வூரிலேயே உண்டு. 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். அவ்வகழ்வின் அறிக்கை வெளிவர நெடுங்காலம் ஆயிற்று என்பது நம் வட்டாரத்தார் யாவரும் அறிந்த குறையே. எனினும் அன்றெடுத்த மாதிரிகள் குறிப்போடு வைக்கப்பட்டிருந்தமையின், பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, அவற்றின் காலம் கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் 2019-ஆம் ஆண்டில் தெரியவந்தது. எடுத்த அன்று ஒருவரும் கேளாத வினாவுக்குப் பதினான்கு ஆண்டுகளின் பின்னர் அக்கரித்துண்டுகள் விடை கூறின. படமெடுப்பவன் எடுத்து வைக்கும் காட்சித்துண்டுகளும் இத்தகையனவே. அவன் கோத்து வெளியிடுவது பத்து நிமிடப் படம். அவன் பெட்டியில் எஞ்சிக் கிடப்பதோ பத்து மணி நேரம். பின்வருவோர்க்கு எது பயன்படும் என்பதை இன்று எவர் அறிவார்?

ஏ. கே. செட்டியார் செய்தியை ஈண்டு நினைவு கூர்தல் தகும். காந்தியடிகளைப் பற்றிய முழுநீளச் செய்திப்படத்தை 1940-ஆம் ஆண்டில் தமிழில் வெளியிட்ட அப்பெருமகனார், அதன்பொருட்டு உலகைச் சுற்றி, முப்பதாண்டுக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கேமராக்காரர் எடுத்திருந்த ஏறத்தாழ 50,000 அடிப் பிலிமைத் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்தனர். தாமே எடுத்ததினும் பிறர் எடுத்து வைத்திருந்ததைத் தேடிக் கோத்ததே அவர் செய்த அரும்பணி. அந்நூற்றுவரும் தத்தம் பிலிமைக் காத்து வையாதிருந்திருப்பின் அப்படமே இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்டுச் செய்த தமிழ்ப் படி பிற்காலத்தில் காணாமற் போயிற்று. அமெரிக்காவிலிருந்து ஆங்கிலச் சுருக்கப்படி ஒன்றனைத் தேடிக் கண்டெடுக்க வேண்டியதாயிற்று. கேமராவின் குற்றத்தால் அழிந்த படம் இஃதன்று, காவாமையால் அழிந்தது.

இனி மென்பொருளை நோக்குவோம். நண்பர் பலர் கேமராவுக்கு அடுத்தபடி கேட்பது, "எதிற் செய்தால் சினிமாபோல் இருக்கும்?" என்பதே. கேட்க வேண்டுவது வேறு: ஐந்தாண்டு கழித்து, யான் இல்லாதவிடத்து, பிறிதொருவர் என் தொகுப்பைத் திறக்க இயலுமா? 2011-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் பைனல் கட் மென்பொருளைப் புதுக்கி வெளியிட்டபோது, பழையதிற் செய்துவைத்த தொகுப்புகள் புதியதில் திறவாமற் போயின. தொழில்வல்லாரே திகைத்து நின்றனர். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் மத்திய அரசினர் 59 செயலிகளைத் தடைசெய்தபோது, டிக்டாக்கோடு விவா வீடியோ என்னும் எடிட்டிங் செயலியும் அப்பட்டியலில் இருந்தது. தடை சரியா தவறா என்பது இங்கு நம் ஆராய்ச்சியன்று. ஒரு செயலியையே நம்பிப் பாதிப்படம் கோத்தவன் நிலை என்னாகும் என்பதே கருதத்தக்கது. அடோபி நிறுவனத்தாரின் பிரீமியர் 2013-ஆம் ஆண்டு முதல் வாடகை முறைக்கு மாறிவிட்டது. வாடகை கட்டும்வரை அது நல்ல வீடுதான். கட்ட இயலாத மாதத்தில் நம் தட்டுமுட்டுகள் உள்ளேயும் நாம் வெளியேயுமாக நிற்போம்.

ஆகவே மாணவர்க்கு உரியன பெரும்பாலும் இரண்டே என்பது என் துணிபு. ஒன்று டாவின்சி ரிசால்வ். 2009-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனத்தார் விலைக்கு வாங்கிய இதன் ஒரு வடிவம் பணமின்றியே கிடைக்கின்றது. நிறந்திருத்துதலில் இதற்கு நிகர் காண்டல் அரிது. முழு வடிவம் வேண்டுவார் 295 டாலர் ஒருமுறை செலுத்தினாற் போதும், வாடகை இல்லை. ஆனால் இது பெருந்தீனி தின்னும் யானை. 16 ஜிபி நினைவகமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இல்லாத கம்ப்யூட்டரில் இதனை ஏற்றினால், படம் ஓடாது. நம் பொறுமைதான் ஓடும். மற்றொன்று கேடென்லைவ். தன்னார்வலர் பலர் கூடி ஆக்கிவரும் இக்கட்டற்ற மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். பெரிய காட்சிக்கோப்புகளுக்குச் சிறிய மாற்றுப்படிகளைத் தானே செய்துகொண்டு அவற்றை வைத்துத் தொகுக்க விடுதலின், கல்லூரிக் கூடத்துப் பழங் கம்ப்யூட்டரிலும் வேலை நடக்கும். யான் இதனைப் பெரிதும் விரும்புதற்குக் காரணம் மற்றொன்றுண்டு. இதன் தொகுப்புக்கோப்பு வெறும் எழுத்தாலானது. மென்பொருளே மறைந்தொழிந்த காலத்தும், அக்கோப்பை நோட்பேடில் திறந்து, எக்காட்சி எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிந்தது என்பதை ஏட்டுச்சுவடி படிப்பார்போல் ஒருவர் பொறுமையோடு படித்து அறியலாம்.

தமிழ் பயில்வார்க்கு ஒரு சிறு சோதனையும் கூறுவேன். எம்மென்பொருளாயினும் அதன் தலைப்பெழுதும் பகுதியில் "கொற்கை" என்றும் "ஸ்ரீவைகுண்டம்" என்றும் முதலில் எழுதிப் பாருங்கள். சிலவற்றில் ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னே ஒதுங்கி, வகுப்புக்குப் பிந்தி வந்த மாணவன்போல் நிற்கும். பிரீமியரில் தென்னாசிய எழுத்துகளுக்குரிய அமைப்பை மாற்றிய பின்னரே தமிழ் செவ்வனே அமையும். இச்சோதனையைச் செய்யாமல், படம் முடிந்து பெயர்ப்பட்டியல் எழுதும் இரவில் கண்டு அலமருவார் பலர்.

சேமிப்பைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதின்று; கணக்கு எளிது. ஐபோன் வகையில் 1080 அளவுக் காட்சி, எங்கும் எளிதில் திறக்கும் பழைய முறையில் எடுத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் ஆகும். 4கே அளவு ஏறத்தாழ 350 ஆகும். எனவே ஒரு மணி நேரத்துக்கு முன்னது 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, பின்னது 21 ஜிபி. பத்து மணி நேரம் எடுத்தாலும் 1080 அளவில் 80 ஜிபிக்குள் அடங்கும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கு இரண்டு வாங்கி, ஒன்றை எடுப்பவரிடமும் மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைத்தல் வேண்டும். இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பின் இரண்டென்பது பெயரளவே. கோப்புக்குப் பெயரிடுங்கால் நாள், இடம், வரிசையெண் ஆகிய மூன்றும் அமைய வேண்டும். "புதியது", "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயரிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது தாழியின்மேல் "பானை" என்று எழுதி ஒட்டுதலை ஒக்கும்.

கேமராவைக் குறித்து நண்பர் கூறும் தடையையும் மறைத்தல் கூடாது. மங்கிய ஒளியில், குழியினடியில் கிடக்கும் தாழியின் விளிம்பினைக் கைப்பேசி தெளிவாகக் காட்டாது என்பர். உண்மையே. அதற்கெனக் கலியாண ஸ்டூடியோக்காரரிடம் ஒரு நாள் வாடகைக்கு நல்ல கேமரா எடுக்கலாம். ஆண்டு முழுதும் உறங்கவைக்க ஒன்றை வாங்குவானேன்? அன்றியும் ஆதிச்சநல்லூர் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம். அத்தகைய இடங்களில் டிரைபாடு நிறுத்தவும் டிரோன் பறக்கவிடவும் முன்னனுமதி வேண்டும். விலைமிக்க டிரோனோடு போய் வாயிலில் நின்று திரும்புவதினும், முதலில் ஒரு விண்ணப்பம் எழுதுதல் செலவு குறைந்தது. கைப்பேசியையே கொள்வார், காட்சிவேகம் ஏறியிறங்காமல் ஒரே அளவில் நிற்கும்படி அமைத்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் நெடும்பேட்டியில் வாயசைவும் சொல்லும் வரவரப் பிரிந்துபோம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலையுடையதாகலின், விளக்கொளியில் எடுக்குங்கால் விநாடிக்கு 25 காட்சி என்னும் அளவு நடுக்கத்தைத் தவிர்க்கும். இவற்றை நம் கையில் அமைத்துத் தரும் பிளாக்மேஜிக் கேமரா செயலி பணமின்றிக் கிடைக்கின்றது.

எஞ்சியது மைக். இதனை இறுதியில் வைத்தது, இதற்கே மிக விரைய வேண்டும் என்பதனால்.

ஆதிச்சநல்லூரில் 2021-ஆம் ஆண்டு அகழ்வு மீண்டும் தொடங்கி, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே அவை கிடந்தபடியே காணலாகும். எனவே தாழிகள் நமக்காகக் காத்திருக்கும். அடுத்த ஆண்டும் அவற்றைப் படம் எடுக்கலாம். ஆனால் ஆதிச்சநல்லூர்ப் படம் ஆதிச்சநல்லூரோடு நிற்பதன்று. ஆற்றின் வழியே கீழே போனால் முத்துக்குப் பேர்பெற்ற கொற்கை. இன்று கடல் அதனைவிட்டு விலகிப்போயிற்று. அதற்கப்பால், கொற்கையின் தொழிலை ஏற்றுக்கொண்ட தூத்துக்குடிக் கரை. அக்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அவ்வாண்டில் இருபது வயதினராய்க் கல்லைப் பற்றிக் கடலில் இறங்கியவர்க்கு இன்று எண்பது கடந்திருக்கும். மூச்சை எவ்வாறு அடக்கினர், சிப்பி கிடக்கும் பாரை எவ்வாறு அறிந்தனர், பங்கு எவ்வாறு பிரித்தனர் என்பனவற்றை அவர் தம் வாய்ச்சொல்லால், தம் கரைப்பேச்சில், கூறக் கேட்கும் காலம் இன்னும் எத்துணை?

அம்முதியவர் குரல் மெல்லியது. கடற்கரைக் காற்றோ எவர்க்கும் அடங்காதது. ஆடிக்காற்றில் அம்மி பறப்பது கிடக்க, கைப்பேசியின் சிறுதுளை மைக்கில் அக்காற்று இடியென முழங்கும். முகம் சற்று மங்கலாய்ப் பதிந்தாலும் காண்பார் பொறுப்பர். சொல் விளங்காவிடில் அப்பதிவால் பயனில்லை. மங்கிய காட்சியை ரிசால்வில் ஏற்றி ஒருவாறு திருத்தலாம். காற்று விழுங்கிய சொல்லை எம்மென்பொருளும் முழுதும் மீட்டுத் தாராது. சட்டைக் கழுத்தில் செருகும் கம்பி மைக் ஆயிரம் ரூபாயளவிலேயே கிடைக்கின்றது. அதன்மேல் காற்றுத் தடுக்கும் உரோம உறை ஒன்றைப் போர்த்தி, பதியும்போதே ஹெட்போனில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, பேச்சுக்கு முன்னும் பின்னும் அவ்விடத்து ஓசையை மட்டும் அரை நிமிடம் தனியே பதிந்துகொண்டால், தொகுப்பவன் கைக்கு வேண்டுவன அமைந்துவிடும்.

நம் நண்பர் சேர்த்துள்ள பணம் கேமராவுக்குப் போதாதென்று வருந்துகின்றனர். இரண்டு மைக்குக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் அது போதும். அவற்றை இம்மாதமே வாங்கி, வரும் விடுமுறையில் தூத்துக்குடிக் கரைக்கு முதலிற் போவோம். கேமராவைப் பற்றிய விவாதத்தைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.