மூளையைத் திறந்து தருகிறோம் என்பவர்களிடம் காசு கட்டுமுன்



சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர் தரம் தொடங்கும் வரையான இடைவெளி வந்துவிட்டது. ஊர் முழுக்க நோட்டிஸ். முன்பெல்லாம் கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலிஷ் என்றிருந்தது. இப்போது உளவியல் டிப்ளோமா, மூளை விஞ்ஞானம், உளவளத்துணை, மிட்பிரெய்ன் எக்டிவேஷன். "சேர், பிள்ளைய எதில போடுற?" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி ஆசிரியர்களாகிய நாங்கள் களைத்துப்போனோம். சிலருக்குக் கசக்கும். இருந்தாலும் எழுதிவிடுகிறோம்.

பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்புவது எங்களுக்குச் சந்தோஷம். யுத்தத்தையும் சுனாமியையும் பார்த்த கிழக்கில், தமிழில் பேசி மனநோயைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த ஆசையை வைத்து வியாபாரம் நடப்பதுதான் எங்களுக்குக் கோபம்.

முதலில் அந்த மிட்பிரெய்ன். நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதி. கண்ணை அசைப்பதும், வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவதும் அதன் வேலைகளில் சில. பிறந்த நாளிலிருந்தே அது வேலை செய்கிறது. செய்யாவிட்டால் உங்கள் பிள்ளை எழும்பி வந்து அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்லும் பிள்ளையின் மூக்கோரத்தில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அட்டையைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் பிடித்துவிட்டு நிறத்தைக் கேளுங்கள். வித்தை அங்கேயே முடிந்துவிடும். இதைவிடக் கவலை, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு பிள்ளையைக் காசு கொடுத்துப் பழக்குகிறோம். மத்ரஸாவில் பொய் ஹராம் என்று படித்துவிட்டு வரும் பிள்ளை அது.

கைரேகையை ஸ்கேன் பண்ணி "இவருக்கு வலது மூளை, கணிதம் வராது" என்று அறிக்கை கொடுப்பவர்களும் வருகிறார்கள். கைரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. அதில் கணிதம் எழுதியிருக்காது. வலது மூளை, இடது மூளை என்ற கதை ரொஜர் ஸ்பெரியின் ஆய்வை இழுத்து நீட்டியதில் வந்தது. அவர் பார்த்தது, கடும் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கட்டை வெட்டிய நோயாளிகளை. அதற்கு 1981 இல் நோபல் பரிசும் கிடைத்தது. கணிதம் வரும் ஆள், வராத ஆள் என்று அவர் யாரையும் பிரிக்கவில்லை.

இவையெல்லாம் காசோடு போய்விடும். உண்மையில் எங்களைப் பயமுறுத்துவது உளவளத்துணை டிப்ளோமா. மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு வகுப்பு, கடைசியில் கவுனும் தொப்பியும் போட்டுப் படம். 16 வயதுப் பிள்ளை 'கவுன்சிலர்' ஆகிவிடுகிறது. பிறகு வகுப்புத் தோழியர் தங்கள் வீட்டு இரகசியங்களையெல்லாம் அதனிடம் கொட்டுகிறார்கள். நித்திரையில்லை, சாப்பாடில்லை, சாகத் தோன்றுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் இது என்ன செய்யும்? "பொசிட்டிவா யோசி" என்று சொல்லும். படித்துக் கொடுத்தது அவ்வளவுதான். பெரியவர்களுக்கே பல வருடப் படிப்பும் மேற்பார்வையும் தேவைப்படும் வேலையை ஒரு சிறுபிள்ளையின் தலையில் வைக்கிறோம். அப்படியொரு பேச்சு காதில் விழுந்தால் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். இந்த ஒரு விடயத்தைச் சொல்லிக்கொடுக்காத உளவியல் வகுப்பு எதற்கு?

அந்தச் சான்றிதழ் கெம்பஸுக்கு உதவும் என்று சொல்கிறார்களாம். உயர் தரத்தில் எடுக்கும் இசட் புள்ளியில் அது ஒரு துளியும் கூட்டாது. கொழும்புப் பக்கம் சில வீடுகளுக்கு வெளிநாட்டுக் கோடைகால வகுப்பிலிருந்து "நீங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று ஈமெயில் வருகிறது. பெரிய பல்கலைக்கழகத்தின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தனியார் கம்பனிகள் நடத்துவதும் அதில் உண்டு. யார் நடத்துகிறார்கள் என்று முதலில் பாருங்கள். காசு கட்டிய எல்லோரையும் எடுத்தால் அது தெரிவல்ல.

நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? படிப்பிப்பவர் எங்கே, என்ன படித்தார் என்று நேராகக் கேளுங்கள். கோபப்பட்டால் திரும்பி வாருங்கள். "இது உண்மை என்று எப்படித் தெரியும்?" என்று பிள்ளை கேட்டால் அங்கே இடமிருக்கிறதா பாருங்கள். ஞாபகத்தைப் பற்றிய ஒரு சின்னப் பரிசோதனையை வகுப்பிலேயே செய்து, எண்ணி, வரைபு கீறி, முடிவு பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று பேசினால் அதற்குக் காசு கொடுக்கலாம். பிள்ளையைப் பரிசோதித்து 'நீ இந்த வகை' என்று முத்திரை குத்துமிடத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று. மூளையை வளர்க்கிறோம் என்று இரவு 10 மணி வரை வகுப்பு வைக்கிறார்கள். இந்த வயதில் நித்திரை வரும் நேரம் இயல்பாகவே பிந்துகிறது. சுபஹுக்கும் எழும்ப வேண்டிய பிள்ளை எப்போதுதான் தூங்குவது?

காசில்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் நரம்பு விஞ்ஞானச் சங்கத்தின் 'பிரெய்ன் ஃபெக்ட்ஸ்' நூலும் ஓப்பன்ஸ்டெக்ஸின் உளவியல் பாடநூலும் இணையத்தில் இலவசம். இரண்டும் ஆங்கிலம், அதுதான் சிக்கல். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்களில் இரண்டு மூன்று பேர் பாடசாலை நூலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகள் ஒரு கொப்பியோடு வரட்டும், பந்தி பந்தியாகத் தமிழில் சேர்ந்து வாசிப்போம். கட்டணம் இல்லை. சான்றிதழும் இல்லை.