ஹார்மோன் ஊசி கைவிட்டதா? அப்பாவுக்காகக் கேட்க வேண்டிய 2 டெஸ்ட்

அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய் பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்கலையா? 'அவ்வளவுதான்'னு முடிவு கட்டிடாதீங்க. டாக்டரிடம் இரண்டு பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்.

ஒன்று, பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். புற்றுசெல்களின் மேல் பிஎஸ்எம்ஏ புரதம் நிறைய இருந்தால், லுட்டீசியம்-177 கதிரியக்க மருந்து அதில் ஒட்டிக்கொண்டு செல்லை அழிக்கும். அமெரிக்கா 2022-ல் இதை அனுமதித்தது. கீமோவும் முடித்தவர்களிடம் நடந்த விஷன் ஆய்வில், இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமானது. நோய் முழுசா போகாது. கூடுதல் காலம் கிடைக்கும். லுட்டீசியம்-177 மும்பை டிராம்பே அணு உலையிலும் தயாராகிறது.

இரண்டு, பிஆர்சிஏ மரபணு டெஸ்ட். பிறழ்வு இருந்தால் ஓலாபரிப் மாத்திரை உதவலாம். அது பரம்பரைப் பிறழ்வு என்றால், உங்களுக்கும் தங்கைக்கும் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கைக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். அப்பாவின் ரிப்போர்ட்டை நீங்களும் கவனமா படிங்க.