அலை கலையாமல்

கீமோதெரபிக்குப் பின் விக் வாங்கும் பெண்ணுக்கு அதை மாட்டும் வித்தையைக் கடையில் சொல்லித் தருகிறார்கள். அலசும் வித்தையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. விளைவு, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய அலையலையான கூந்தல் முதல் குளியலிலேயே தேங்காய் நாராகிவிடுகிறது.

காரணம் எளிது. வளரும் முடிக்குத் தலைத்தோல் எண்ணெய் தருகிறது. விக்குக்கு அது கிடையாது. காய்ந்த முடி மும்பை, சென்னையின் ஈரக்காற்றைக் குடித்துச் சிலும்புகிறது. போதாததற்கு, முடியின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்கு வேறு. திருமலைக் காணிக்கை முடியில் செதில்கள் ஒரே திசையில் இருக்கும். தெருவில் பாத்திரம் கொடுத்து வாங்கும் உதிர்ந்த முடியில் வேரும் நுனியும் கலந்துகிடக்கும். உரசிச் சிக்கு விழும்.

எனவே நனைக்கும் முன்பே, அகலமான பல் உள்ள சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். சீயக்காய் வேண்டாம், கசக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீர், ஷாம்பூ, மேலிருந்து கீழாக ஒரே தடவல். கண்டிஷனர் தாராளமாக, ஆனால் நுனிப்பக்கம் மட்டும். முடிச்சுகளில் பட்டால் அவை நெகிழ்ந்து முடி உதிரும். பிழியாமல் துண்டில் ஒற்றி, ஈரத்திலேயே கொத்துக் கொத்தாக விரலில் சுற்றிவிட்டு நிழலில் உலர்த்தலாம். உலர்ந்தபின் சீப்பு பட்டால் அலை போச்சு.

செயற்கை இழை என்றால் ஹேர் டிரையர் பக்கமே போகக் கூடாது. எதுவானாலும் உள்தொப்பியில் ஷாம்பூ தங்கக் கூடாது. சிகிச்சை முடிந்த தலைத்தோல் அதைத் தாங்காது.