மோதல் வேறு, பழுது வேறு

கம்ப்யூட்டரில் மாட்டிய ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்று கடைக்குப் போனால், இன்று கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இது போயிடுச்சு. புதுசு போட்டுடலாம்." நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறோம். அப்படி உடனே தலையாட்டக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஒரு சாதனம் கெட்டுப்போவது ஒன்று. நல்ல சாதனங்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதிக்கொள்வது வேறொன்று. 1990-களில் அலுவலகக் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில், சாதனங்கள் பிராசஸரைக் கூப்பிட 8 கம்பிகள்தான் இருந்தன. அவற்றுக்கு ஐ.ஆர்.க்யூ. என்று பெயர். வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984-இல் பி.சி. ஏ.டி. வந்தபோது அது 15 ஆயிற்று. டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, பிளாப்பிக்கு 6, ஹார்ட் டிஸ்குக்கு 14 என்று பல எண்கள் முன்பே ஒதுக்கப்பட்டுவிடும். மிச்சம் இருப்பதில்தான் மோடம், சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் இடம் பிடிக்க வேண்டும். அந்தக் கால ஐ.எஸ்.ஏ. கார்டுகளால் ஒரு மணியைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் அடிப்பது உள்ளே கேட்காது.

இதற்கு நல்ல உதாரணம் மவுஸும் மோடமும். மவுஸ் காம் 1-இல் இருக்கும். மோடத்தைக் காம் 3-இல் வைத்திருப்பார்கள். பெயர் வேறாக இருந்தாலும் வழக்கமாக இரண்டுக்கும் ஐ.ஆர்.க்யூ. 4-தான். மவுஸ் நன்றாக ஓடும். மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் அம்புக்குறி அப்படியே உறைந்துவிடும். மவுஸை மாற்றியவர்கள் உண்டு, மோடத்தையே மாற்றியவர்களும் உண்டு. இரண்டும் வீண் செலவு. போர்டில் இருக்கும் காம் 2-ஐ முடக்கிவிட்டு, மோடத்தின் ஜம்பரைப் பிடுங்கி அந்த இடத்துக்கு மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. செலவு ஒரு பைசா கிடையாது.

எங்கள் முறை எளிமையானது. டிஸ்ப்ளே கார்டைத் தவிர எல்லாக் கார்டுகளையும் கழற்றிவிடுவோம். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொரு தடவையும் இயக்கிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுவோம். அடுத்து திறப்பவருக்கு அதுதான் வழிகாட்டி.

விண்டோஸ் 95-உடன் 'பிளக் அண்ட் பிளே' வந்தது. மாட்டிவிட்டுச் சாமி கும்பிட வேண்டியதுதான் என்று 'பிளக் அண்ட் பிரே' ஆக்கிக் கேலி செய்தார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோவில், பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, ஸ்கேனரை மாட்டியதும் விண்டோஸ் 98 நீலத் திரையோடு நின்றுபோனது. ஆனால் போகப்போக, மணியைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த பி.சி.ஐ. கார்டுகளும் யு.எஸ்.பி.யும் அந்தத் தொல்லையை ஒழித்தன. நல்லதுதான். ஜம்பர் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜம்பரோடு சேர்ந்து, 'எதோடு எது மோதுகிறது?' என்று கேட்கும் பழக்கமும் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

ஏனென்றால் மோதல் இன்னும் போகவில்லை. வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடுகிறதா? அதன் ரிசீவருக்குப் பக்கத்திலேயே யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இணைப்பு கிளப்பும் ரேடியோ இரைச்சல், மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். ரிசீவரைத் தள்ளி வைத்தாலே போதும். ஹார்ட் டிஸ்க் அடிக்கடி துண்டித்துக்கொள்கிறதா? சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் நாலு சாதனத்தை மாட்டினால், நாலும் அதைத்தான் பங்கு போட்டாக வேண்டும். ஹார்ட் டிஸ்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள்.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினால் அவருக்குக் கட்டுப்படியாகாது. நமக்கு அந்த நேரம் இருக்கிறது. அதனால் பர்ஸைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். கடைசியாகப் புதிதாக எதை மாட்டினோம்? மற்றதையெல்லாம் கழற்றிவிட்டால் இது தனியாக ஓடுகிறதா? வேறொரு கம்ப்யூட்டரில் ஓடுகிறதா? இந்த மூன்றையும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால், அப்போது தாராளமாகப் புதிது வாங்குங்கள்.