பப்பாசிப் பாலும் கடைக் குளிகையும்

புலால் மறுத்த அன்பர்கள் நம்மைப் பொறுத்தருள்க. இக்கட்டுரையை இறைச்சிச் சட்டியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கின்றது. மூதூர் முதல் வெருகல் வரையுள்ள நம் ஊர்களில், முற்றிய ஆட்டிறைச்சி எளிதில் வேகாதெனக் கண்டால் பப்பாசிக்காய்த் துண்டொன்றைச் சேர்த்தல் அடுக்களை அறிந்த உபாயம். காயைக் கீறியதும் வடியும் வெண்பாலிலே பப்பாயின் என்னும் நொதியம் உண்டு. புரதத்தின் நெடுஞ்சங்கிலியை அறுத்துத் துண்டாக்குவதே அதன் தொழில். 1879இல் வூர்ட்ஸ், பூஷூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதற்கு அப்பெயரை இட்டனர். இரண்டாம் உலகப் போருக்கு முன், இப்பாலை உலர்த்தி உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடுகளுள் இலங்கை முன்னணியில் நின்றது. பாலெடுத்த தொழிலாளரின் கைத்தோலை அது அரித்தமையை விலைப்பட்டியல்கள் கூறா.

அப்பொருளே இன்று குளிகையாகி, சமிபாட்டுக்கு நன்றென்னும் விளம்பரத்தோடு திரும்பி வருகின்றது. நலமுடையார்க்கு அது வேண்டியதில்லை என்பதே நம் துணிபு.

ஏனெனில், வேண்டிய நொதியங்களை உடலே சுரக்கின்றது. இரைப்பையில் பெப்சின் உண்டு. அதனை 1836இல் கண்டறிந்தவர் ஜெர்மானியராகிய ஷ்வான். சதையி சுரப்பது திரிப்சின். இவை தம்மைச் சுரக்கும் உறுப்பையே தின்றுவிடாதவாறு, உறையிட்ட வாள்போலச் செயலற்ற வடிவிலே பிறக்கின்றன. திரிப்சினின் உறை கழலுமிடம் சிறுகுடலின் முற்பகுதி. சதையிக்குள்ளேயே அது கழலுமாயின், அவ்வுறுப்பு தன்னைத்தானே சமிக்கத் தொடங்கும்; உயிருக்கே இறுதியாகத்தக்க சதையி அழற்சி அதுவே. பித்தக்கற்களும் மதுவும் அதற்குத் தலையாய காரணங்கள். சாராயம் ஈரலை மட்டுமே கெடுக்கும் என்றிருப்போர் இதனையும் அறிதல் நன்று.

வெளியிலிருந்து புகுத்தும் நொதியமும் விளையாட்டுப் பொருளன்று. தொண்டையில் இறைச்சி சிக்கியோர்க்கு மேனாட்டு வைத்தியர் முன்னாளில் பப்பாயின் கரைசலைக் குடிப்பித்தனர். சிலர்க்கு உணவுக்குழாயே துளைபட்டமையால் அம்முறையைக் கைவிட்டனர். சட்டியிலுள்ள தசைக்கும் நம் தசைக்கும் அது வேறுபாடு அறியாது. அனுமதி பெறாத பப்பாயின் புண்மருந்துகளின் விற்பனையை 2008இல் அமெரிக்க அரசும் நிறுத்தியது. கடும் ஒவ்வாமை நேர்ந்தமை அதற்கொரு காரணம்.

நொதிய மருந்து மெய்யாகவே வேண்டியோரும் உளர். நாட்பட்ட நோயால் சதையி சுரப்புக் குன்றியோர்க்கு, வைத்தியர் பணித்த அளவில், உணவுவேளைதோறும் அது கட்டாயம். இரைப்பை அமிலத்தில் அழியாதிருக்க அக்குளிகைக்கு மேற்பூச்சும் இடுவர். எண்ணெய்ப்பசையோடு நாறும் மலம், காரணமின்றி இளைத்தல், முதுகுவரை பரவும் வயிற்றுவலி ஆகியவை அந்நோயின் குறிகள். இவற்றை வைத்துக்கொண்டு கடைக் குளிகையை நம்பி மாதங்களைக் கழிப்பவன், நோயை வளரவிட்டுக் காசையும் இழக்கின்றான்.

அவனைக் கடிந்து பயனில்லை. வெருகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்ல ஒருநாட் கூலியும் பஸ் செலவும் இழக்க வேண்டியவனுக்குக் குளிகை மலிவாய்த் தோன்றாதோ? வைத்தியராயும் மருந்தாளராயும் விளங்கும் நம் பழைய மாணவர்கள், வெருகல் முருகன் கோயில் திருவிழா நாட்களில் ஒன்றையேனும் ஒதுக்கி, அங்கேயே வைத்திய முகாம் நடத்துதல் வேண்டும். நிறுவைத் தராசும் சலப் பரிசோதனைக்கு வேண்டுவனவும் வாங்க நம் சங்க நிதியே போதும். வந்தவர்களுக்குப் பப்பாசியும் வழங்கலாம். நன்கு பழுத்த கனியில் அப்பால் மிகச் சொற்பம்.